பக்கத்து ஃபோல்டரில் இருக்கும் மாடியூலை பைத்தானுக்கு எப்படிக் காட்டுவது?

#1 மண்டபம்_கரை

வணக்கம். நான்கு நாளாக இதிலேயே மாட்டிக்கொண்டிருக்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படித்துச் சொல்லுங்கள்.

அம்மா இங்கே பாசி வளர்க்கும் மகளிர் குழுவில் இருக்கிறார். 12 அடிக்கு 12 அடி மூங்கில் தெப்பம், 45 நாளுக்கு ஒரு அறுவடை. யார் தெப்பத்தில் எவ்வளவு பச்சைப் பாசி எடுத்தார்கள், காயவைத்தபின் எவ்வளவு நின்றது (10 கிலோ காய்ந்தால் ஏறத்தாழ 1 கிலோதான் மிஞ்சும்), யாருக்கு எவ்வளவு பணம் என்பதெல்லாம் இதுவரை ஒரு நோட்டில்தான். அதை மாதாமாதம் கூட்டிப் பிரித்துக் கொடுக்க ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட் எழுதினேன். ஒரே ஃபைலாக இருந்தவரை நன்றாக ஓடியது. 600 வரியைத் தாண்டியதும் தேடுவது கஷ்டமாகிவிட்டது, இப்படிப் பிரித்தேன்:

பாசிக்கணக்கு/
 கருவிகள்/ எடை.பை, விலை.பை
 அறிக்கை/ மாதம்.பை
 தரவு/ சிட்டை.சிஎஸ்வி

மாதம்.பை உள்ளே எனக்கு எடை மாடியூல் (அதாவது எடை.பை ஃபைல்) வேண்டும், அவ்வளவுதான் தேவை. முதலில் "ஃபிரம் கருவிகள் இம்போர்ட் எடை" என்று எழுதினேன். "நோ மாடியூல் நேம்டு கருவிகள்" என்றது. சரி, ஒரு படி மேலே போய்த்தானே எடுக்க வேண்டும் என்று இரண்டு புள்ளி வைத்து "ஃபிரம் ..கருவிகள் இம்போர்ட் எடை" என்று மாற்றினேன். இப்போது "அட்டெம்ப்டட் ரிலேட்டிவ் இம்போர்ட் வித் நோ நோன் பேரன்ட் பேக்கேஜ்". பிறகு இணையத்தில் பார்த்து மேலே "சிஸ்.பாத்.அப்பெண்ட்('..')" சேர்த்தேன். அறிக்கை ஃபோல்டருக்குள் போய் ஓட்டினால் ஓடுகிறது! வெளியே வந்து ஓட்டினால் பழைய எரர். காலை 5 மணிக்குத் தானாக ஓடட்டும் என்று கிரானில் போட்டதும் ஓடவில்லை.

ஒரே ஃபைல், ஒரே வரி, நான் எங்கிருந்து கூப்பிடுகிறேன் என்பதைப் பொறுத்து ஒரு நேரம் ஓடுகிறது, ஒரு நேரம் ஓடவில்லை. ஏன்?

#2 அக்காள்மடம்

தம்பி, முதலில் மாதம்.பை-யின் முதல் வரியில் சிஸ்.பாத்-ஐயும் (இம்போர்ட் தேடும் ஃபோல்டர்களின் பட்டியல்) ஓஎஸ்.கெட்சிடபிள்யூடி()-ஐயும் (நீங்கள் நிற்கும் ஃபோல்டர்) பிரிண்ட் பண்ணுங்கள். என்ன கமாண்ட் கொடுத்தீர்கள், எந்த ஃபோல்டரில் நின்று கொடுத்தீர்கள் என்பதையும் அப்படியே போடுங்கள். இது மூன்றும் இல்லாமல் இம்போர்ட் எரருக்கு யாராலும் மருந்து சொல்ல முடியாது.

#3 மண்டபம்_கரை

பாசிக்கணக்கு ஃபோல்டரில் நின்று "பைத்தான்3 அறிக்கை/மாதம்.பை" என்று கொடுத்தேன் அண்ணே. கெட்சிடபிள்யூடி பாசிக்கணக்கு என்று காட்டுகிறது. சிஸ்.பாத்-இல் முதலாவதாக இருப்பது பாசிக்கணக்கு/அறிக்கை. மற்றவை எல்லாம் பைத்தான் நிறுவிய இடங்கள். நான் நிற்கும் ஃபோல்டரே அந்தப் பட்டியலில் இல்லை, இதுதான் எனக்கு அதிர்ச்சி.

#4 கீழக்கரை_கடைத்தெரு

உங்கள் அதிர்ச்சியிலேயே பாதி விடை இருக்கிறது தம்பி. இதைச் சரியாகப் புரிந்துகொண்டால் இனி ஆயுசுக்கும் இந்த எரர் உங்களைப் பயமுறுத்தாது, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

"பாலத்துக்கு அந்தப் பக்கம்" என்று மண்டபத்தில் நின்று சொன்னால் பாம்பன். அதையே பாம்பனில் நின்று சொன்னால் மண்டபம். சொல் மாறவில்லை, நிற்கும் இடம் மாறிவிட்டது. புள்ளி வைத்த பாதை எல்லாமே இந்தச் சாதிதான். எங்கே நின்று சொன்னது என்று தெரியாமல் அதற்கு அர்த்தமே கிடையாது. பைத்தானில் அந்த "எங்கே" மூன்று விதமாக இருக்கிறது, நீங்கள் மூன்றையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு மாற்றி மாற்றி முயன்றிருக்கிறீர்கள்.

முதலாவது, நீங்கள் டெர்மினலில் நிற்கும் ஃபோல்டர். ஓப்பன்('சிட்டை.சிஎஸ்வி') என்று ஃபைல் திறந்தால் இதை வைத்துத்தான் தேடும். நீங்கள் சேர்த்த அந்த '..' கூட இதை வைத்துத்தான். அறிக்கை ஃபோல்டருக்குள் நின்றபோது '..' என்பது பாசிக்கணக்கு, அதற்குள் கருவிகள் இருந்தது, ஓடியது. பாசிக்கணக்கில் நின்றபோது '..' அதற்கும் மேலே போய்விட்டது. கிரான் உங்கள் ஹோம் ஃபோல்டரில் நின்றுகொண்டு ஓட்டும், அங்கிருந்து '..' எங்கே போகும் என்று நீங்களே கணக்குப் போடலாம்.

இரண்டாவது, சிஸ்.பாத்-இன் முதல் இடம். இம்போர்ட் தேடல் தொடங்குவது இங்கே. ஃபைல் பெயரைக் கொடுத்து ஓட்டினால் அந்த ஃபைல் இருக்கும் ஃபோல்டர் இங்கே உட்காரும், நீங்கள் நிற்கும் ஃபோல்டர் உட்காராது. அதனால்தான் பட்டியலில் அறிக்கை வந்தது. -எம் போட்டு மாடியூலாக ஓட்டினால் நீங்கள் நிற்கும் ஃபோல்டர் உட்காரும். இந்த ஒரு வித்தியாசம் தெரியாமல்தான் பாதிப் பேர் அல்லாடுகிறார்கள்.

மூன்றாவதுதான் எல்லோரும் தவறாகப் புரிந்துகொள்வது. இம்போர்ட் வரியில் வரும் புள்ளி, டிஸ்கில் இருக்கும் ஃபோல்டரைப் பார்ப்பதே இல்லை. அது மாடியூலின் முழுப்பெயரைப் பார்க்கிறது. பாசிக்கணக்கு.அறிக்கை.மாதம் என்ற பெயரோடு அந்த மாடியூல் உள்ளே வந்திருந்தால், இரண்டு புள்ளிக்கு அர்த்தம் பாசிக்கணக்கு. ஆனால் ஃபைலை நேராக ஓட்டினால் அதன் பெயர் __மெயின்__ என்று ஆகிவிடும். தாய் தகப்பன் பெயர் எதுவும் ஒட்டியிருக்காது. "நோ நோன் பேரன்ட் பேக்கேஜ்" என்று அது சொன்னதே இதைத்தான். வார்த்தைக்கு வார்த்தை உண்மையைச் சொன்ன எரர் அது, நாம் படிப்பதில்லை.

புள்ளி வைக்கும் முறை பைத்தான் 2.5-இல், 2006-இல் வந்தது. அதற்குமுன் புள்ளியே இல்லாமல் எழுதினாலும் ஒரு பேக்கேஜுக்குள் (மாடியூல்கள் உள்ள ஃபோல்டர்) பக்கத்து ஃபைலை முதலில் தேடிப் பார்க்கும். அதில் எது நம்முடையது, எது பைத்தானோடு வந்தது என்ற குழப்பம் அதிகமாகி, 2008-இல் வந்த 3.0-இல் அந்தப் பழக்கத்தையே எடுத்துவிட்டார்கள். பழைய பாடங்களைப் பார்த்துப் படிக்கிறவர்கள் இதில் இடறுவார்கள்.

ஆக உங்களுக்கு வழி: மூன்று ஃபோல்டரிலும் (பாசிக்கணக்கு, கருவிகள், அறிக்கை) வெறும் __இனிட்__.பை ஒன்று வையுங்கள். 3.3-க்குப் பிறகு அது இல்லாமலும் இம்போர்ட் ஆகும், ஆனாலும் வையுங்கள், இது பேக்கேஜ் என்று பார்த்தவுடன் தெரியும். பிறகு

பைத்தான்3 -எம் பாசிக்கணக்கு.அறிக்கை.மாதம்

என்று ஓட்டுங்கள். சாய்கோடு கிடையாது, கடைசியில் .பை கிடையாது. உங்கள் இரண்டு புள்ளி வரி அப்படியே இருக்கட்டும்.

#5 மண்டபம்_கரை

பாய், மூன்று முறை படித்தேன். பெயரைத்தான் பார்க்கிறது என்பது இப்போதுதான் உறைத்தது. ஆனால் ஓட்டிப் பார்த்தால் வேறு எரர். பாசிக்கணக்கில் நின்று "பைத்தான்3 -எம் அறிக்கை.மாதம்" என்று கொடுத்தேன், ஏனென்றால் நீங்கள் சொன்ன முழுப்பெயர் "நோ மாடியூல் நேம்டு பாசிக்கணக்கு" என்றது. இப்போது "பியாண்ட் டாப் லெவல் பேக்கேஜ்" என்கிறது.

#6 கீழக்கரை_கடைத்தெரு

நான் சொல்ல விட்டுப்போனது, மன்னிக்கவும். பாசிக்கணக்குக்கு வெளியே, ஒரு ஃபோல்டர் மேலே நின்று ஓட்ட வேண்டும். நீங்கள் உள்ளே நின்று ஓட்டியதால் பெயர் அறிக்கை.மாதம் என்று ஆகிவிட்டது. ஒரு புள்ளிக்கு அறிக்கை இருக்கிறது, இரண்டாவது புள்ளிக்கு மேலே பெயரே இல்லை. உள்ளே நின்றுதான் ஓட்டுவேன் என்றால் புள்ளியை எடுத்துவிட்டு "ஃபிரம் கருவிகள் இம்போர்ட் எடை" என்று எழுதுங்கள், -எம் நிற்கும் இடத்தைப் பட்டியலில் சேர்த்துவிடுவதால் கிடைத்துவிடும். இரண்டும் சரிதான், ஆனால் ஒரு புராஜெக்ட்டில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.

#7 தொண்டி_துறைமுகம்

இவ்வளவு தூரம் போக வேண்டுமா? நான் எட்டு வருடமாக மாதம்.பை மாதிரியான ஃபைலின் தலையில் இரண்டே வரி போடுகிறேன். பாத்(__ஃபைல்__).ரிசால்வ்().பேரன்ட்ஸ்[1] என்று எடுத்து, அதை ஸ்ட்ரிங் ஆக்கி சிஸ்.பாத்-இல் சேர்த்துவிடுவது. ஃபைல் இருக்கும் இடத்தை வைத்துக் கணக்கிடுவதால் எங்கே நின்று ஓட்டினாலும், கிரானிலும், ஓடும். -எம் என்று குழுவில் இருக்கும் அம்மாமார்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியுமா? ஃபைலை ஓட்டு என்றால் ஓட்ட வேண்டும்.

#8 அக்காள்மடம்

தொண்டி சொல்வது ஓடும், மறுக்கவில்லை. '..' சேர்ப்பதைவிட ஆயிரம் மடங்கு மேல். ஆனால் அதில் நான் பட்டதைச் சொல்லிவிடுகிறேன், ஒரு நாள் முழுக்கப் போனது.

ஐஸ் கட்டிக் கணக்கு ஒன்று எழுதியிருந்தேன். ஒரு ஃபைலில் வெளி ஃபோல்டரைச் சேர்த்து "ஃபிரம் கருவிகள் இம்போர்ட் விலை" என்று எடுத்தேன். இன்னொரு ஃபைலில் கருவிகள் ஃபோல்டரையே சிஸ்.பாத்-இல் சேர்த்து வெறும் "இம்போர்ட் விலை" என்று எடுத்தேன். இரண்டுமே ஓடின. மெயின் ஃபைலில் விலையை மாற்றுகிறேன், ரசீதில் பழைய விலையே வருகிறது. மாற்றிய வரியைக் கண்ணால் பார்க்கிறேன், பிரிண்ட் போட்டால் புது விலை, ரசீதில் பழைய விலை. கடைசியில் சிஸ்.மாடியூல்ஸ்-ஐ எட்டிப் பார்த்தபோது கருவிகள்.விலை என்று ஒன்று, விலை என்று ஒன்று, இரண்டு தனித்தனியாக உட்கார்ந்திருந்தன. டிஸ்கில் ஒரே ஃபைல்தான். பைத்தான் பெயரை வைத்துத்தான் மாடியூலை அடையாளம் காண்கிறது, பாய் மேலே சொன்ன அதே விஷயம். பெயர் இரண்டானால் ஆளும் இரண்டு.

அதனால் அந்த இரண்டு வரியைப் போடுவதாக இருந்தால், ஓட்டும் ஃபைலில் மட்டும், ஒரே ஒரு முறை, எப்போதும் வெளி ஃபோல்டரை மட்டும் சேருங்கள். கருவிகள் ஃபோல்டரைச் சேர்க்கவே சேர்க்காதீர்கள்.

#9 தொண்டி_துறைமுகம்

ஒப்புக்கொள்கிறேன் அண்ணே. இது எனக்கும் வந்திருக்கிறது என்று இப்போதுதான் தெரிகிறது, வேறு ஏதோ கோளாறு என்று நினைத்து மாடியூலையே மறுபடி எழுதினேன்.

நான் இப்போது அதிகம் எழுதுவது நோட்.ஜேஎஸ் (ஜாவாஸ்கிரிப்ட்). அங்கே இதே தலைவலி வேறு உருவத்தில் வரும். ரெக்வயர்('./எடை') என்றால் அந்த ஃபைல் இருக்கும் ஃபோல்டரிலிருந்து தேடும், நீங்கள் எங்கே நின்றாலும் கவலை இல்லை. அதே ஃபைலில் அடுத்த வரியில் ஃபைல் திறக்கும் எஃப்எஸ் மாடியூலைக் கொண்டு './சிட்டை.சிஎஸ்வி' திறந்தால் நீங்கள் நிற்கும் ஃபோல்டரில் தேடும். ஒரே './', அடுத்தடுத்த வரியில், இரண்டு அர்த்தம். அதற்குத்தான் __டிர்நேம் (அந்த ஃபைல் இருக்கும் ஃபோல்டர்). புதிய இம்போர்ட் முறைக்கு மாறினால் அது இருக்காது, இம்போர்ட்.மெட்டா.டிர்நேம் என்று 20.11-இல்தான் தந்தார்கள்.

எனக்குப் பிடித்தது ரூபி மொழியின் வழி. ரெக்வயர்_ரிலேட்டிவ் என்று தனிச் சொல்லே உண்டு. 2010-இல் வந்த 1.9.2-இல் அதைக் கொடுத்த கையோடு, நிற்கும் ஃபோல்டரைத் தேடும் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். பெர்லும் 2017-இல் 5.26-இல் எடுத்துவிட்டது.

#10 தேவிபட்டினம்_மாணவி

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எதற்காக எடுத்தார்கள்? நிற்கும் ஃபோல்டரில் தேடினால் வசதிதானே?

இன்னொன்றும் கேட்க வேண்டும், இதே விஷயமா என்று தெரியவில்லை. கல்லூரி புராஜெக்ட்டுக்கு, எந்தெந்த நாள் விசைப்படகு போகலாம் என்று காட்டும் ஒரு சின்ன நிரல் எழுதினேன். ஏப்ரல் 15-இலிருந்து ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், அதையெல்லாம் ஒரு ஃபைலில் வைத்து அதற்கு கேலண்டர்.பை என்று ஆங்கில எழுத்தில் பெயர் வைத்தேன். அதற்குப் பிறகு டேட்டைம்.ஸ்ட்ரிப்டைம் வேலை செய்யவில்லை. "மாடியூல் கேலண்டர் ஹேஸ் நோ அட்ரிபியூட் டே_அப்ர்" என்கிறது. நான் டே_அப்ர் என்று எங்குமே எழுதவில்லை. பைத்தானையே நீக்கிவிட்டு மறுபடி நிறுவிப் பார்த்தேன், அதே எரர்.

#11 கீழக்கரை_கடைத்தெரு

தங்கச்சி, இரண்டு கேள்விக்கும் ஒரே பதில், உன் எரரே அதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

கேலண்டர் என்ற பெயரில் பைத்தானோடு வரும் மாடியூல் ஒன்று இருக்கிறது. ஸ்ட்ரிப்டைம் தேதியைப் படிக்க, கிழமைகளின் சுருக்கப் பெயர்களை அந்தக் கேலண்டரில்தான் போய்க் கேட்கும், டே_அப்ர் என்பது அதுதான். ஆனால் தேடல் பட்டியலில் உன் ஃபோல்டர் முதலில் நிற்பதால் அதற்குக் கிடைத்தது உன்னுடைய தடைக்காலக் கேலண்டர். பைத்தானில் ஒரு கோளாறும் இல்லை. பெயரை தடைக்காலம்.பை என்று மாற்று, சரியாகிவிடும். ராண்டம், ஈமெயில், டோக்கன் என்று பெயர் வைக்கிறவர்களுக்கும் இதே கதிதான். 3.13-இலிருந்து இந்த மாதிரி எரர் வந்தால் "இது பைத்தானோடு வரும் மாடியூலின் பெயர், மாற்றிப் பாருங்கள்" என்று அதுவே சொல்கிறது.

நீ தெரியாமல் செய்ததை இன்னொருவர் தெரிந்தே செய்தால்? எங்கிருந்தோ இறக்கிய ஒரு ஃபோல்டருக்குள் நின்று -எம் போட்டு ஏதோ ஒரு மாடியூலை ஓட்டுகிறாய், அந்த ஃபோல்டரில் கேலண்டர் என்ற பெயரில் கெட்ட நிரல் ஒன்று கிடக்கிறது. உன் கம்ப்யூட்டரில், உன் உரிமையோடு அது ஓடிவிடும். ரூபியும் பெர்லும் நிற்கும் ஃபோல்டரை எடுத்தது இந்தப் பயத்தில்தான். பைத்தானிலும் 3.11-இலிருந்து -பி (பைத்தானின் முதல் எழுத்து, பெரிய எழுத்தில்) என்று ஒரு விருப்பம் உண்டு, அதைக் கொடுத்தால் முதல் இடத்தில் எந்த ஃபோல்டரையும் சேர்க்காது.

#12 தேவிபட்டினம்_மாணவி

பெயரை மாற்றினேன், ஓடிவிட்டது! ரொம்ப நன்றி அண்ணா. மூன்று நாள் இதற்காகத் தூங்கவில்லை.

#13 மண்டபம்_கரை

எனக்கும் பாதி தீர்ந்தது. பாசிக்கணக்கு, ஹோம் ஃபோல்டருக்குள் "வேலை" என்ற ஃபோல்டரில் இருக்கிறது. வேலையில் நின்று -எம் கொடுத்தால் இம்போர்ட் அருமையாகப் போகிறது. ஆனால் இப்போது சிட்டை.சிஎஸ்வி கிடைக்கவில்லை என்கிறது. '../தரவு/சிட்டை.சிஎஸ்வி' என்று எழுதியிருந்தேன், பாய் சொன்ன முதலாவது வகை என்று புரிகிறது. இதற்கு __ஃபைல்__ வைத்துக் கணக்கிடுவதுதான் வழியா?

கூடவே இன்னொரு விசித்திரம். நண்பர் ஒருவர் பணம் பிரிக்கும் பகுதியை தொகை.பை என்று எழுதி அனுப்பினார். கருவிகள் ஃபோல்டரில்தான் போட்டேன். எடை வருகிறது, விலை வருகிறது, தொகை மட்டும் "நோ மாடியூல் நேம்டு". எழுத்துப்பிழை இல்லை, ஃபைல் பெயரை அப்படியே நகலெடுத்து ஒட்டியும் பார்த்தேன்.

#14 அக்காள்மடம்

முதல் கேள்விக்கு: ஆமாம். பாத்(__ஃபைல்__).ரிசால்வ்().பேரன்ட்ஸ்[1] / 'தரவு' / 'சிட்டை.சிஎஸ்வி'. மாதம்.பை-க்கு பேரன்ட்ஸ்[0] என்பது அறிக்கை, [1] என்பது பாசிக்கணக்கு. ஃபைல் திறக்கும் எல்லா இடத்திலும் இதையே எழுதாமல், ஒரு மாடியூலில் ஒருமுறை வைத்துக்கொண்டு அங்கிருந்து எடுங்கள். கிரான் வரியில் "சிடி /ஹோம்/…/வேலை && பைத்தான்3 -எம் பாசிக்கணக்கு.அறிக்கை.மாதம்" என்று சிடி-ஐயும் சேர்த்தே எழுதுங்கள். விர்ச்சுவல் என்விரான்மென்ட் (புராஜெக்ட்டுக்கென்று தனியாக வைக்கும் பைத்தான்) வைத்திருந்தால் பைத்தானின் முழுப் பாதையையும் கொடுங்கள்.

தொகை எனக்குப் புரியவில்லை. நண்பர் எதில் எழுதினார்?

#15 மண்டபம்_கரை

பழைய மேக் ஒன்றில். பென்டிரைவில் வந்தது. நான் உபுண்டு.

#16 கீழக்கரை_கடைத்தெரு

அப்படியானால் கண்டுபிடித்தாயிற்று. இது தமிழில் பெயர் வைக்கிற நமக்கு வரும் சிக்கல், இங்கே எழுதி வைத்தால் இன்னொருவருக்கு உதவும்.

பைத்தான் 3-இல் மாறிகளுக்கும் மாடியூல்களுக்கும் தாராளமாகத் தமிழில் பெயர் வைக்கலாம். ஆனால் "தொ" என்ற எழுத்தைக் கம்ப்யூட்டரில் இரண்டு விதமாகச் சேமிக்க முடியும். த-வோடு ஒகரக் குறியை ஒரே குறியாகச் சேர்ப்பது ஒன்று. த, பிறகு ஒற்றைக் கொம்பு, பிறகு கால் என்று பிரித்து வைப்பது இன்னொன்று. திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றுதான், கண்ணால் கண்டுபிடிக்கவே முடியாது. பழைய மேக்கின் ஃபைல் அமைப்பு பெயர்களைப் பிரித்துத்தான் சேமிக்கும். பைத்தானோ, நிரலைப் படிக்கும்போது பெயர்களையெல்லாம் சேர்த்த வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளும். அதனால்தான் நீங்கள் நகலெடுத்து ஒட்டியும் பலனில்லை. ஒட்டியது பிரிந்த வடிவமாக இருந்தாலும் பைத்தான் அதைச் சேர்த்துவிட்டு, சேர்த்த பெயரில் ஃபைலைத் தேடுகிறது. உபுண்டுவில் அந்தப் பெயரில் ஃபைல் இல்லை. எடை, விலை இரண்டிலும் கொம்பும் காலும் சேர்ந்த எழுத்து இல்லை, தப்பித்தன.

சோதிக்க: ஓஎஸ்.லிஸ்ட்டிர் கொடுக்கும் பெயரில் .பை-க்கு முன்னால் இருப்பதன் நீளத்தை லென் போட்டுப் பாருங்கள். த, ஒகரக் குறி, க, ஐகாரக் குறி என்று 4 வர வேண்டும். 5 வந்தால் பிரிந்திருக்கிறது. யூனிகோட்டேட்டா.நார்மலைஸ்-இல் என்எஃப்சி (சேர்த்த வடிவம்) கொடுத்து வரும் பெயரால் ஃபைலை ரீநேம் பண்ணுங்கள்.

#17 மண்டபம்_கரை

5 வந்தது. ரீநேம் பண்ணினேன், தொகை வந்துவிட்டது.

நேற்று ராத்திரி கிரானில் சிடி சேர்த்துப் போட்டுவிட்டுப் படுத்தேன். காலையில் அம்மா கரைக்குக் கிளம்புவதற்குள் மாதக் கணக்கு தயாராக இருந்தது. நோட்டை எடுத்து ஒவ்வொரு பெயராகச் சரிபார்த்தார், 14 பேரில் ஒருவருக்கு மட்டும் வித்தியாசம். அது நோட்டில் கூட்டியதில் வந்த பிழை, அந்த அக்காவுக்குச் சேர வேண்டிய பணத்தை இன்றைக்கே கொடுத்துவிடுவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.